கந்தக நீக்கம்: ஒரு தொகைச்சொல்லை விரித்தல்

'கந்தக நீக்கம்' என்பது டீசல்ஃபரைசேஷன் என்கிற ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழில் புழங்கும் கலைச்சொல். கந்தகம் அகற்றல் என்றும் எழுதுகிறார்கள். டீசல், அனல்மின் நிலையப் புகை, உருகிய இரும்பு, இயற்கை எரிவாயு என்று எதிலிருந்து கந்தகத்தை எடுத்தாலும் இந்தச் சொல்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்டால்கூடப் பொருள் சொல்லிவிடும்: இருக்கிற கந்தகத்தை இல்லாமல் ஆக்குவது. இப்படிச் சட்டென்று புரிந்துவிடுவதுதான் இதில் சிக்கல். ஏனென்றால் வேதியியலில் அப்படியொரு காரியம் கிடையாது. கந்தகம் ஒரு தனிமம். அதை எரிக்கலாம், கரைக்கலாம், இன்னொன்றோடு கட்டிப்போடலாம். எந்த வேதிவினையாலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. ஓரிடத்தை விட்டுக் கிளம்பினால் இன்னோரிடத்தில் வந்து இறங்கியே தீரும். அந்த இறங்குமிடத்தைப் பற்றி இந்தச் சொல் மூச்சு விடுவதில்லை. இந்த மௌனம் சொல்லின் அமைப்பிலேயே எப்படி இருக்கிறது, நடைமுறையில் அது யாருக்கு வசதியாகிறது என்பதை ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில்தடத்தை முன்வைத்துப் பார்க்கலாம்.

முதலில் இலக்கணம். ரசாயனத்துக்கும் நன்னூலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 'கந்தக நீக்கம்' ஒரு வேற்றுமைத் தொகை. விரித்தால் 'கந்தகத்தை நீக்குதல்'. மறைந்திருப்பது இரண்டாம் வேற்றுமையின் 'ஐ' உருபு. ஆனால் நீக்குதல் என்ற வினைக்குச் செயப்படுபொருள் மட்டும் போதாது; 'எதிலிருந்து' என்று ஒன்று வேண்டும். இதற்கென்றே ஐந்தாம் வேற்றுமையில், ஒப்பு, எல்லை, ஏது ஆகியவற்றோடு 'நீங்கல்' என்றொரு பொருளையும் நம் இலக்கணக்காரர்கள் வைத்தார்கள். ஆக, இச்சொல்லுக்குள் ஐந்தாம் வேற்றுமை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதோடு 'எங்கே' என்கிற ஏழாம் வேற்றுமையும், 'யாருக்கு' என்கிற நான்காம் வேற்றுமையும் வந்திருக்க வேண்டும். அவை வாசல்படியே ஏறவில்லை. இன்னொன்று, நீங்கு என்பது தன்வினை, நீக்கு என்பது பிறவினை. பிறவினை என்றால் செய்விப்பவன் ஒருவன் வேண்டும். 'நீக்கம்' என்று தொழிற்பெயராக்கியதும் அவனும் காணாமல் போகிறான். செய்பவன் இல்லை, சேருமிடம் இல்லை, பெற்றுக்கொள்பவன் இல்லை. மிஞ்சுவது கந்தகம் மட்டும், அதுவும் போவதற்காக.

தமிழில் 'நீக்கம்' அதிகம் புழங்குவது அரசியலில். 'அடிப்படை உறுப்பினர் உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும்' என்று வரும் கட்சி அறிக்கையைப் பாருங்கள், 'இலிருந்து' என்பதை ஒருபோதும் விடமாட்டார்கள். நீக்கப்பட்டவர் அடுத்து எந்தக் கட்சியில் போய் உட்காருவார் என்பதும் அன்று சாயங்காலமே டீக்கடையில் தெரிந்துவிடும். கந்தகத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒரகடத்துக்காரர்களுக்கு இன்னும் பழக்கமானது 'பணி நீக்கம்'. அதிலும் சேருமிடம் கிடையாது. சில சமயம் அந்தச் சொல்கூட வராது. 2014 நவம்பர் 1ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது தொழிலாளிகளில் பெரும்பாலோர் அதற்கு முன்பே 'விருப்ப ஓய்வு' என்ற பெயரில் வெளியே வந்திருந்தார்கள். அதாவது நீக்கு என்ற பிறவினை, நீங்கு என்ற தன்வினையாக எழுதப்பட்டது. சொல்லின் இந்த உள்விளையாட்டு கந்தகத்தோடு நின்றுவிடுகிற ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகிற சாலையும் அதன் சுற்றுவட்டமும் கந்தகத்தைப் படிப்பதற்கு ஒரு நல்ல பிரதி. இங்கே ஒரு மதில்சுவருக்குள் கந்தகம் பகையாளி, பக்கத்து மதில்சுவருக்குள் விருந்தாளி. டயரை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தில் அப்பல்லோ டயர்ஸ் ஆலை 2010இல் வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. டயர் ஆலையும் இருக்கிறது. கந்தகம் இல்லாமல் டயர் இல்லை. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கிடையில் கந்தக அணுக்கள் பாலம் போட்டு, இழுத்தால் நீண்டு விட்டால் பழைய நிலைக்கு வரும் குணத்தைத் தருகின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்ட இந்த வினைக்கு ரோமானியரின் நெருப்புக் கடவுள் பெயரால் வல்கனைசேஷன் என்று பெயர். நெடுஞ்சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிற கடையில் 'வல்கனைசிங்' என்று போர்டு தொங்குகிறதே, அதுதான். ரோமானியக் கடவுள் தமிழ்நாட்டில் குடிகொண்டிருப்பது பஞ்சர் கடையில் என்பது ஒரு சின்ன வேடிக்கை.

வார்ப்படச் சாலைக்கு வந்தால் கதை மாறுகிறது. வாகனத்தின் கிராங்க் ஷாஃப்ட் போன்ற உறுப்புகளை வார்க்கும் ஒரு வகை இரும்பில் கரி உருண்டை உருண்டையாக உறைய வேண்டும். அதற்காக உருகிய இரும்பில் மெக்னீசியம் சேர்ப்பார்கள். கந்தகம் மிச்சமிருந்தால் மெக்னீசியம் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். கரி உருளாது, வார்ப்பு பலமிழக்கும். எனவே மெக்னீசியத்துக்கு முன்னால் கந்தகத்தை நீக்கு என்பது விதி. நீங்கிய கந்தகம் கசடாக மேலே மிதக்கும், வழித்துக் கொட்டுவார்கள். ஆனால் பிரேக் டிரம் வார்க்கிற சாம்பல் வார்ப்பிரும்பில் கந்தகம் சுத்தமாக இல்லாமல் போனாலும் தொல்லை. கரி சரியாக உறைய அது கொஞ்சம் இருந்தாக வேண்டும். கடைசல் இயந்திரத்தில் சுலபமாக வெட்டுப்படுவதற்காக வேண்டுமென்றே கந்தகம் சேர்க்கப்படும் எஃகு வகைகளும் உண்டு. இரும்பு என்கிற ஒரே பெயருக்குள் கந்தகம் அழுக்காகவும் இருக்கிறது, சரக்காகவும் இருக்கிறது. அழுக்கு என்று பொருள்களில் தனி இனம் கிடையாது, ஓர் ஒழுங்குக்குள் தன் இடத்தில் இல்லாத பொருளே அழுக்கு என்று மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் வாதிட்டார். சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு அதைப் புரிந்துகொள்ள புத்தகம் தேவையில்லை. யார் யாருடைய இடம் எது என்று தீர்மானிப்பவனே எது அழுக்கு என்பதையும் தீர்மானிக்கிறான்.

இதே தொகையை வேறுவிதமாகவும் விரிக்கலாம். 'கந்தகத்திலிருந்து நீக்குதல்' என்று ஐந்தாம் வேற்றுமையைக் கந்தகத்தின்மீதே ஏற்றினால் சித்த வைத்தியம் வந்துவிடுகிறது. அங்கே கந்தகம் மருந்துச் சரக்கு. தோல் நோய்க்குத் தரும் கந்தக ரசாயனத்தைக் கேள்விப்பட்டிருப்போம். மருந்தாகும் முன் அதற்குச் 'சுத்தி' செய்ய வேண்டும். நெய்யில் உருக்கிப் பசும்பாலில் ஊற்றி எடுத்து, திரும்பத் திரும்பச் செய்வது ஒரு முறை. இதில் கந்தகம் அழுக்கல்ல, அழுக்குப்பட்ட சரக்கு. அதன் தோஷம்தான் போகிறது. பெட்ரோலியத் துறைக்குக் 'கந்தக சுத்தி' என்றால் கந்தகத்தைத் தொலைத்துக் கட்டுவது, வைத்தியருக்குக் கந்தகத்தைக் காப்பாற்றிக் கொள்வது. மருந்து, நஞ்சு என்ற இரண்டையும் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு பிளேட்டோவை தெரிதா கட்டுடைத்தது இங்கே பலருக்கும் நினைவு வரும். அந்த வித்தையை இங்கே நீட்டிக்கொண்டு போக ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கந்தகத்தின் பொருள் நிலையற்றது என்று கண்டுபிடிப்பதோடு நின்றால் போதாது. அந்த நிலையற்ற தன்மையை ஒவ்வோரிடத்திலும் யாரோ ஒருவர் ஒரு கையெழுத்தால் நிலைநிறுத்துகிறார். அந்தக் கையெழுத்துகளைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் சுத்திகரிப்பு ஆலைக்குள் ஒரு நடை போய்வரலாம், ஏனெனில் இச்சொல்லின் முரண் அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது. 1965இல் மதறாஸ் ரிஃபைனரீஸ் என்று ஆரம்பித்து இன்று சென்னை பெட்ரோலியமாக இருக்கும் மணலி ஆலையிலும், இந்தியாவின் மற்ற ஆலைகளிலும் டீசலிலிருந்து கந்தகம் எடுக்கும் முறை பொதுவாக ஒன்றே. டீசலை ஹைட்ரஜனோடு சேர்த்து, 300 டிகிரிக்கு மேலான வெப்பத்தில், அழுத்தத்தில், கோபால்ட்டும் மாலிப்டினமும் கொண்ட வினையூக்கியின் மீது செலுத்துகிறார்கள். கந்தகம் ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடாக, அதாவது அழுகிய முட்டை நாற்றமுள்ள கொடிய வாயுவாக வெளியேறுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த வினையூக்கி வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அதற்கே கந்தகம் ஊட்ட வேண்டும். கந்தகம் ஏறாத வினையூக்கி கந்தகத்தை எடுக்காது. வெளியேறிய வாயுவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ் என்பவர் வகுத்த முறைப்படி மறுபடியும் மஞ்சள் கந்தகமாக மாற்றி விற்கிறார்கள். இன்று உலகச் சந்தைக்கு வரும் கந்தகத்தில் பெரும்பங்கு தரையைத் தோண்டி எடுத்ததல்ல, எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் 'நீக்கியது'. அதில் பெரும்பகுதி கந்தக அமிலமாகி உரத்துக்குப் போகிறது, கொஞ்சம் டயருக்கும் போகிறது. ஒரு லாரியின் டீசல் டாங்கிலிருந்து விலக்கப்பட்டது அதே லாரியின் சக்கரத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சமையல் கேஸ் விஷயம் இன்னும் ஒரு படி மேலே. அதிலிருந்து கந்தகச் சேர்மங்களை எடுத்துவிட்டு, கசிந்தால் தெரிய வேண்டுமே என்பதற்காக எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மத்தைக் கொஞ்சம் கலக்கிறார்கள். வீட்டில் 'கேஸ் வாசனை வருது' என்கிறோமே, அது கேஸின் வாசனை இல்லை, திரும்பச் சேர்த்த கந்தகத்தின் வாசனை. கந்தம் என்றால் மணம். பெயருக்குப் பொருத்தமான வேலை அதற்கு அங்கேதான் கிடைத்திருக்கிறது.

(பக்கத்து வீட்டுச் சொல் ஒன்றையும் இங்கே பிரித்துவிடுவது நல்லது. இன்வெர்ட்டர் பாட்டரிக்காரர்கள் சொல்லும் டீசல்ஃபேஷன் வேறு. பாட்டரியின் ஈயத் தகட்டில் படிந்த சல்ஃபேட் படிகத்தைக் கரைத்து மறுபடியும் அமிலத்துக்குள் அனுப்புவது அது. அங்கே கந்தகம் வீடு திரும்புகிறது. அதையும் 'கந்தக நீக்கம்' என்று தமிழ்ப்படுத்துவது தப்பு.)

இப்போது கையெழுத்துகளுக்கு வருவோம். இரண்டு தேதிகள். 2015 டிசம்பர் 7 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல்மின் நிலையங்களின் புகையில் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு முதன்முறையாக உச்சவரம்பு விதித்து அறிவிக்கை வெளியிட்டது. அவகாசம் இரண்டே வருடம். சரியாக ஒரு மாதம் கழித்து, 2016 ஜனவரியில், வாகனங்களுக்கு பாரத் ஸ்டேஜ் ஐந்தைத் தாண்டி நேரே ஆறுக்குப் போவதென்று மத்திய அரசு முடிவு செய்தது. நாள் 2020 ஏப்ரல் 1. இரண்டுமே கந்தக நீக்கம்தான். ஒன்று புகைபோக்கியில், இன்னொன்று டீசலில்.

டீசல் கதை குறித்த நாளில் முடிந்தது. 1990களின் நடுப்பகுதி வரை இந்திய டீசலில் 1 விழுக்காடு, அதாவது 10,000 பி.பி.எம். கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது. பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்பதுதான் பி.பி.எம். அது படிப்படியாக இறங்கியது. 2010இல் சென்னை உட்பட 13 பெருநகரங்களுக்கு 50, நாட்டின் மற்ற பகுதிகளுக்கு 350 என்று ஒரு விசித்திர ஏற்பாடு. பட்டணத்து நுரையீரலுக்கு ஒரு டீசல், பட்டிக்காட்டு நுரையீரலுக்கு ஒரு டீசல். 2017 ஏப்ரலில் நாடு முழுக்க 50. 2020 ஏப்ரலில் 10. பழைய வண்டிகளை விற்றுத் தீர்க்க உற்பத்தியாளர்கள் அவகாசம் கேட்டபோது, அந்தத் தேதிக்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் நான்கு வண்டி ஒன்றுகூட விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் கறாராகச் சொல்லிவிட்டது. ஒரகடத்தின் ஆலைகள் எஞ்சின்களை மாற்றின. வாகனப் புகையை அளந்து சான்று தரும் மத்திய அரசின் பரிசோதனை மையமும் ஒரகடத்திலேயே இருக்கிறது.

புகைபோக்கிக் கதை வேறு. 2017 டிசம்பர் என்ற கெடு 2022 ஆனது. 2021இல் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். 2022இல் மறுபடி நீட்டிப்பு, 2024 டிசம்பரில் இன்னுமொரு மூன்று வருடம். கடைசியில் 2025 ஜூலையில், பத்து லட்சம் மக்களுக்கு மேலுள்ள நகரங்களிலிருந்தும் தில்லி வட்டாரத்திலிருந்தும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை 2027 முடிவுக்குள் செய்தால் போதும். கடுமையாக மாசுபட்ட பகுதிகளுக்கு அருகில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யலாம். மற்றவற்றுக்கு, புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருந்தால், விலக்கு என்று அறிவித்தார்கள். நாட்டின் அனல்மின் அலகுகளில் முக்கால்வாசிக்கும் மேல் இந்த 'மற்றவை'க்குள் அடக்கம்.

விலக்குக்குச் சொல்லப்பட்ட காரணங்களை அப்படியே தள்ளிவிட முடியாது. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், கந்தகம் குறைவு, ஏறத்தாழ 0.5 விழுக்காடு என்கிறார்கள், உண்மைதான். ஊர்க்காற்றில் அளந்தால் சல்ஃபர் டை ஆக்சைடு பெரும்பாலும் வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அந்த வாயு அந்த வாயுவாகவே இருப்பதில்லை. காற்றில் போகப்போக சல்ஃபேட் நுண்துகளாகி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு கணக்கில், நுண்துகள் கணக்கில், எழுதப்படுகிறது. வாயுவை மட்டும் அளக்கிற கருவிக்கு அது 'நீங்கிவிட்டது'. புகைபோக்கியின் உயரமும் இந்தக் காரியத்தைத்தான் செய்கிறது. 275 மீட்டர் உயரத்தில் விட்டால் காலடியில் விழாது, தூரத்தில் விழும். ஐரோப்பாவில் இப்படி உயர உயரக் கட்டிய புகைபோக்கிகள் விட்டது ஸ்வீடன், நார்வே ஏரிகளில் அமில மழையாக இறங்கிய கதை 1960களிலேயே வெளிவந்துவிட்டது. மூன்றாவது காரணம் கரியமில வாயு. கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும், அதில் கரியமில வாயு கிளம்பும் என்பது. கணக்கு சரி. ஆனால் டீசலின் கந்தகத்தை எடுக்க வேண்டிய ஹைட்ரஜனைத் தயாரிக்கும்போதும்தான் கரியமில வாயு கிளம்புகிறது. பாரத் ஸ்டேஜ் ஆறுக்கு எதிராக அந்தக் கணக்கை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லையே?

ஏன் வரவில்லை என்பதற்கு விடை ஒரு சொல்லில் இருக்கிறது. நவீன வாகனத்தின் புகைக்குழாயில் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய வினையூக்கி இருக்கிறது. டீசலில் கந்தகம் இருந்தால் அந்த மேற்பரப்பில் ஒட்டி அதை மழுங்கடித்துவிடும். பொறியியலில் இதற்கு 'வினையூக்கி நஞ்சூட்டல்' என்று பெயர். கந்தகத்தை நஞ்சு என்று தயக்கமின்றிச் சொல்லும் மொழி அங்கே கிடைக்கிறது, நஞ்சுண்டது எந்திரம் என்பதால். மனித நுரையீரல் என்று வரும்போது மொழி 'உமிழ்வு', 'வரம்பு', 'வகைப்பாடு', 'கால நீட்டிப்பு' என்று இறங்கிவிடுகிறது. பாரத் ஸ்டேஜ் ஆறு மக்கள் ஆரோக்கியத்துக்காக வரவில்லை என்று நான் சொல்லவில்லை. தில்லியின் காற்று அதற்கு முக்கிய உந்துதல். ஆனால் 10 என்ற எண்ணை நாள் தவறாமல் நிறைவேற்ற வைத்ததில், அது இல்லாவிட்டால் புதிய வண்டியே ஓடாது என்கிற எந்திரத்தின் பிடிவாதத்துக்குப் பெரிய பங்குண்டு. அனல்மின் நிலையத்தின் டர்பைன் அப்படிப் பிடிவாதம் பிடிப்பதில்லை. கந்தகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சுழலும்.

0.5 விழுக்காடு என்பதையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றிப் பாருங்கள்: 5,000 பி.பி.எம். எடைக்கு எடை பார்த்தால், 'கந்தகம் குறைவான' நிலக்கரியில் டீசலுக்கு அனுமதித்ததைப்போல ஐந்நூறு மடங்கு. ஒரகடத்தில் தயாராகும் கார்கள் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து கப்பலேறுகின்றன. 2020 ஜனவரியிலிருந்து உலகக் கப்பல் எரிபொருளுக்கு வரம்பும் 0.5 விழுக்காடு, அதே 5,000. புகையைக் கழுவும் கருவி வைத்திருந்தால் அதற்கு மேலும் எரிக்கலாம். திறந்தவகைக் கருவியானால் கழுவிய நீர் நேராகக் கடலுக்கு. 10 பி.பி.எம். கார் 5,000 பி.பி.எம். கப்பலின் தோளில் ஏறிப் போகிறது. மின்கார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். இந்தத் தடத்தில் மின்கார் உற்பத்தி தொடங்கிவிட்டது. அதற்குப் புகைக்குழாயே கிடையாது. ஆனால் அதற்கு ஏறும் மின்சாரத்தில் நிலக்கரி மின்சாரம் எவ்வளவோ அவ்வளவுக்குக் கந்தகம் சாலையிலிருந்து புகைபோக்கிக்கு மாறுகிறது.

அப்படியானால் புகைபோக்கியில் கந்தக நீக்கக் கருவியை வைத்துவிட்டால் தீர்ந்ததா? ஒரு கணக்குப் போடுவோம். நாளுக்கு 8,000 டன் நிலக்கரி எரிக்கும் ஓர் அலகு, கந்தகம் 0.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், உள்ளே போகும் கந்தகம் 40 டன். கிட்டத்தட்ட முழுதும் எரிந்தால் 80 டன் சல்ஃபர் டை ஆக்சைடு. அதை முழுதாகப் பிடிக்க 125 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். முடிவில் 215 டன் ஜிப்சமும் 55 டன் கரியமில வாயுவும் வரும். எல்லாம் ஒரு நாளைக்கு. ஜிப்சத்தை சிமெண்ட் ஆலை வாங்கினால் அது சரக்கு, வாங்காவிட்டால் குவியல். எங்கே குவியும்? வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் எங்கே குவிந்திருக்கிறதோ, சாம்பல் குழாய்கள் எங்கே கசிந்து கொசஸ்தலை ஆற்றின் படுகையை மூடினவோ, அந்த எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம்தான் என்று பயப்படக் காரணம் இருக்கிறது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த காட்டுக்குப்பத்து மீனவருக்குப் புகை வடிவில் வந்தது சேறு வடிவில் வரும். லண்டனின் பேட்டர்சீ மின்நிலையம் 1930களிலேயே புகையைத் தேம்ஸ் தண்ணீரில் கழுவியது. நகரத்தின் காற்றுக்கு நன்மை. கழிவு தேம்ஸ் ஆற்றுக்கு. மும்பை டிராம்பேயில் 1980களில் வந்த கருவி கடல்நீரால் கழுவுகிறது. கடலில் ஏற்கெனவே சல்ஃபேட் ஏராளம், அதனால் பாதகமில்லை என்பது வாதம். இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஐந்தாம் வேற்றுமையில் காற்றும் ஏழாம் வேற்றுமையில் தண்ணீரும் வருவதைக் கவனியுங்கள்.

சில சமயம் கந்தகத்தோடு ஆளும் சேர்ந்து நீங்குவான். தாஜ்மகாலின் சலவைக்கல்லைக் காப்பாற்ற எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஆக்ரா சுற்றுவட்டத்தின் 292 தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தொழிலாளர்களுக்கான இழப்பீட்டைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசியது என்பதைச் சொல்ல வேண்டும். ஆனாலும் கல்லுக்கு ஆபத்து என்றதும் கிடைத்த அவசரம் கழிமுகத்துக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு கந்தக நீக்கக் கருவியே வேண்டாம் என்று நான் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புகையாக நாலா திசையிலும் போவதைவிட, கட்டியாக ஓரிடத்தில் இருப்பது ஆயிரம் மடங்கு தேவலை. கட்டியாக இருந்தால் அதற்கு எடை உண்டு, கணக்கு உண்டு, பொறுப்பேற்க ஆள் உண்டு. எனக்குப் பிரச்சினை கருவியோடு இல்லை, பெயரோடுதான். மொழிபெயர்ப்பு என்கிறோமே, அந்தப் 'பெயர்ப்பு' இங்கே பொருந்தும். பெயர்த்தல் என்றால் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பது. இரண்டு இடங்களும் அந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன. 'கந்தகப் பெயர்ப்பு' என்றால் உடனே 'எங்கே?' என்ற கேள்வி எழும். ஈழத்தவர்கள் கந்தகவீரொட்சைட்டு என்று எழுதினால் நாம் சல்ஃபர் டை ஆக்சைடு என்கிறோம். கலைச்சொல் சண்டையை இந்த அளவிலேயே நடத்திப் பழகிவிட்டோம், தூய தமிழா கலப்பா என்று. சொல் எதை மறைக்கிறது என்ற கேள்வி அந்தச் சண்டையில் வருவதேயில்லை.

இது வெறும் அகராதிக்காரர் பிரச்சினையும் அல்ல. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, ஒரு திட்டத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவதானால் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். நூற்றுக்கணக்கான பக்க ஆங்கில அறிக்கையிலிருந்து பந்தலில் உட்கார்ந்திருப்பவர் கைக்கு வருவது அந்தச் சில தமிழ்ப் பக்கங்கள்தான். 'கந்தக நீக்க அமைப்பு நிறுவப்படும்' என்று அதில் ஒரு வரி இருந்தால், படிப்பவர் 'சரி, கந்தகம் போயிடும்' என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அந்த ஒரு வரியை விரிக்க அரைப் பக்கம் போதும். நிலக்கரியில் கந்தகம் நாளுக்கு எத்தனை டன், அதில் எவ்வளவு பிடிபடும், எவ்வளவு புகையாகப் போகும், சுண்ணாம்புக்கல் எந்த ஊர்க் குவாரியிலிருந்து வரும், ஜிப்சத்தை வாங்க எந்த சிமெண்ட் ஆலை ஒப்பந்தம் போட்டிருக்கிறது, வாங்காத மாதத்தில் எந்த சர்வே எண்ணில் கொட்டப்படும், கழிவுநீர் எந்த ஓடையில் இறங்கும், கருவி பழுதாகி நிற்கும் நாட்களில் அலகு நிற்குமா ஓடுமா. கடைசிக் கேள்வியைக் கூட்டத்தில் எழுந்து கேட்கிற முதல் ஆளுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதை மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்ல வேண்டும். அதை வாசித்துக் காட்டும்படி கேட்க அந்தக் கூட்டத்துக்கு உரிமை இருக்கிறது.